காகிதக் கூழ் வெளுக்கும் முறைக்குக் காப்புரிமை மறுப்பு, மேல்முறையீடு எங்கே? அவசரம்

தைலமரம்: எங்கள் பிளீச்சிங் முறைக்கான விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. வேறு எங்கே போடுவது? ஆர்டரில் சொன்ன காரணம் சுத்த அபத்தம்.

கிண்டிவாசி: அந்த வாரியத்தை 2021 ஏப்ரலிலேயே கலைத்தாயிற்று. இப்போது காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவில் உயர் நீதிமன்றம்தான். விண்ணப்பம் சென்னை அலுவலகத்திலா? அப்படியானால் மெட்ராஸ் ஹைகோர்ட். ஆர்டர் தேதி என்ன? அன்றிலிருந்து மூன்று மாதம்தான்.

சோடாக்காரம்: எந்தக் கூழ், எத்தனை ஸ்டேஜ்? தைலமரக் கூழ் என்றால் என் சந்தேகம் மரத்தைக் கூழாக வேகவைக்கும்போது உண்டாகும் ஹெக்செனூரோனிக் அமிலத்தின் மேல். மரநாரை ஒட்டவைக்கும் லிக்னினைப் போலவே அதுவும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். அந்தத் தீனியை வைத்து லிக்னினை அளக்கும் கப்பா எண்ணில் லிக்னின் வேஷம் போடும். கப்பா இறங்கியது என்று மட்டும் காட்டினால், லிக்னினா அமிலமா, எது போனது என்று கேட்கத்தான் செய்வார்கள்.

தைலமரம்: தைலமரம்தான் சார், பெயரிலேயே இருக்கிறதே. முதலில் கூழிலுள்ள சைலனை உடைக்கும் சைலனேஸ் எண்சைம், அப்புறம் சூடான குளோரின் டைஆக்சைடு. இரண்டு பழைய ஆவணங்களை ஒட்டவைத்து, துறை தெரிந்த எவருக்கும் தோன்றும் என்கிறார் காப்புரிமை அலுவலகக் கண்ட்ரோலர். தெரிந்ததையே திரும்பச் செய்தால் காப்புரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவையும் போட்டிருக்கிறார்.

பழையபேப்பர்: தம்பி, விண்ணப்பிக்கும் முன் கொஞ்சம் படித்திருக்கலாம். வெளுப்புக்கு முன் சைலனேஸ் என்று பின்லாந்துக்காரர்கள் 1986-லேயே சொல்லியாயிற்று. 3(டி) மருந்துக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? தெரிந்த முறையையே பயன்படுத்தினால், புதுப் பொருளாவது வர வேண்டும், புது வினைபொருளாவது சேர வேண்டும். நான் இதை இங்கே பலமுறை எழுதியாயிற்று.

பச்சையிலை: எல்லாம் சரி, குளோரினை எப்போது விடுவீர்கள்? ஓசோன், பெராக்சைடு இருக்கிறதே.

சோடாக்காரம்: குளோரின் வாயு வேறு, குளோரின் டைஆக்சைடு வேறு. டயாக்சின் பிரச்சினை பெரும்பாலும் வாயுவால் வந்தது. ஓசோன் கொஞ்சம் மிஞ்சினால் செல்லுலோஸையும் வெட்டும், கூழின் பலம் போகும்.

பச்சையிலை: கழிவுநீரில் குளோரின் கலந்த கரிமச் சேர்மம் பூஜ்யமா?

சோடாக்காரம்: குறைவு என்றேன். பூஜ்யம் என்று எங்கே சொன்னேன்?

கிண்டிவாசி: இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். தைலமரம், எண்சைம் மட்டும், சூடு மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்றுக்கும் ஒப்பீடு உங்கள் விவரணையில் உண்டா? தனித்தனியாக மிச்சமாகும் ரசாயனத்தைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து அதிகம் மிச்சமானால் அதுதான் உங்கள் பிடி. இல்லாததை மேல்முறையீட்டில் புதிதாக நுழைப்பது கஷ்டம். கோரிக்கையைச் சுருக்கலாம், விரிக்க 59-ஆம் பிரிவு விடாது. தேதி இன்னும் சொல்லவில்லை!

தைலமரம்: ஒப்பீடு இருக்கிறது, மூன்றாவது அட்டவணை. கெடு அடுத்த வாரம் முடிகிறது. வக்கீலிடம் கிளம்புகிறோம், நன்றி.

சோடாக்காரம்: சூடு சூடு என்கிறீர்களே, எத்தனை டிகிரி?