எம் மோடில் ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் அது மேனுவலா?

மண்டபம் கரைக்காரன்:
தனுஷ்கோடிப் பூநாரைகளை 2 படங்களாக நேற்று இங்கே போட்ட தம்பி அரிச்சல்முனை, ஏ மோடில் (லென்ஸ் துவாரத்தை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்) எடுப்பவர்கள் கேமரா சொன்னபடி ஆடுகிறவர்கள் என்றும், தாம் துவாரம், ஷட்டர் இரண்டையும் நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றும் எழுதியிருந்தார். கேமரா வாங்கி ஒரு மாதம் ஆகாத பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு டயலை எம்மில் வைத்து, கறுத்த படங்களோடு என்னிடம் வந்து நிற்கிறார்கள். படத்தின் விவரத்தை அவரே கொடுத்திருக்கிறார்: துவாரம் எஃப் 8, ஷட்டர் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோ, அதாவது கேமராவின் பொறுப்பு. படத்தின் வெளிச்சத்தை முடிவு செய்தது கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் என்றால் அது எப்படி மேனுவல் ஆகும்?

அரிச்சல்முனை:
டயல் எம்மில் இருந்தது அண்ணே, ஆகவே அது மேனுவல்தான். சிறகு நுனி கலங்காமல் இருக்க 1/1600 வேண்டும், கழுத்திலிருந்து கால்வரை தெளிவாக விழ எஃப் 8 வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். பாஸ்போர்ட் படம் எடுத்தே காலம் கழித்தவர்களுக்குப் பறவையின் வேகம் தெரிய நியாயமில்லை.

மண்டபம் கரைக்காரன்:
பாஸ்போர்ட் படம் எடுத்துத்தான் 2 பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகவே மதிப்பிடும். அதனால்தான் வெள்ளை மணல் நிறைந்த படம் மங்கிப்போகிறது, ஏ மோடில் பிளஸ் 1 (மீட்டர் சொன்னதைவிட இரு மடங்கு வெளிச்சம்) வைத்து அதைச் சரிசெய்கிறோம். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கும்வரை எம் மோடிலும் அதே மீட்டர்தான், அதே பிழைதான். உங்கள் முதல் படத்தில் கருநீலத் தண்ணீருக்கு மேல் பறக்கும் பூநாரையின் முதுகில் ஓர் இறகுகூடத் தெரியாமல் வெளுத்துவிட்டது. அடுத்ததில் வானம் பின்னால் வந்ததும் அதே பறவை சாம்பலாகிவிட்டது. ஒரே வெயிலில் இது ஏன் நடந்தது?

கீழக்கரை ஒளி:
நிக்கானில் எஸ் என்றும் கேனானில் டிவி (Tv) என்றும் போட்டிருப்பது, ஷட்டரை மட்டும் நாம் வைக்கும் ஒரே மோட் என்பதைக்கூடப் புதியவர்களுக்கு இங்கே யாரும் சொல்லவில்லை. நான் அதில்தான் 1/1600 வைத்து எடுக்கிறேன், படம் நன்றாகவே வருகிறது. மேலும், சென்ற ஆண்டு என்னிடம் இரவல் வாங்கிய லென்ஸைப் பற்றி அரிச்சல்முனை இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஜூம் வளையத்தைத் திருப்பினால் மணல் இன்னும் நறநறக்கிறது.

அரிச்சல்முனை:
துடைத்துத்தான் கொடுத்தேன் கீழக்கரைக் காக்கா (அண்ணே). இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இடத்தில் காற்றடித்தால் மணல் புகத்தான் செய்யும். அதற்கும் மேனுவலுக்கும் தொடர்பில்லை. டயல் எம்மில் இருந்தது.

மண்டபம் கரைக்காரன்:
காக்காவின் லென்ஸைப் பிறகு பேசுவோம். ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ 200க்கு ஷட்டர் 1/200. துவாரத்தை எஃப் 8க்குத் திறந்தால் வெளிச்சம் நான்கு மடங்கு, ஆகவே 1/800. மணலும் தண்ணீரும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் இன்னும் ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தால் 1/1600. தம்பி வைத்த எண்கள் சரியானவையே. ஐஎஸ்ஓவையும் 200இல் நிறுத்தியிருந்தால் பறவை தண்ணீர்மேல் போனாலும் வானத்தில் ஏறினாலும் அதன் வெண்மை மாறியிருக்காது, ஏனென்றால் அதன்மேல் விழுந்த வெயில் ஒன்றே. அதுதான் மேனுவல்.

அரிச்சல்முனை:
மேகம் மறைத்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பூநாரைகள் பாம்பனைத் தாண்டிவிடும். மோடின் பெயரைக் கேமரா செய்தவன் எழுதியிருக்கிறான், மண்டபத்தில் இருப்பவர் மாற்ற முடியாது.

கீழக்கரை ஒளி:
லென்ஸைச் சுத்தம் செய்யக் கேட்ட கூலியை யார் தருவது?

மண்டபம் கரைக்காரன்:
மேகம் வந்தால் ஐஎஸ்ஓ 400, கனத்த மேகம் என்றால் 800 அல்லது அதற்கும் மேல். விரலுக்கு அது ஒரு நொடி வேலை. அந்த 2 படங்களில் ஒரே பறவை எப்படி இரண்டு நிறமாயிற்று என்ற கேள்விக்கு மூன்று முறை எழுதியும் தம்பி பதில் சொல்லவில்லை.