பதில்: லேவியராகமத்துப் பலிகளுக்குப் பொதுச்சொல் – வேள்வியா, படையலா, நேர்பொருளா?

வணக்கம். நீங்கள் ஆக்கும் சொற்பட்டியலில், லேவியராகமம் (பலி விதிகளைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூல்) கூறும் எல்லாப் பலிகளுக்கும் எந்தப் பொதுச்சொல்லை வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

> 'வேள்வி' என்று வைத்தால் என்ன? எல்லாப் பலிகளையும் அடக்கும்.

தம்பி, சென்னையில் இருந்து பார்த்தால் இது பொருத்தமாகத்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் சரிவராது. இங்கே வேள்வி என்றால் வைரவர் கோயிலிலோ காளி கோயிலிலோ கிடாய் வெட்டுவது. வெட்டிய இறைச்சியைப் பங்கு போடுவதும் அதற்குள் அடக்கம். பூசைக்கு வந்த ஆச்சி ஒருவரிடம் 'கிறிஸ்துவின் வேள்வி' என்று சொல்லிப் பாருங்கள், மாலை போட்ட கிடாய்தான் அவருக்குக் கண்முன் வரும். (ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஊர் இது. சொல்லுக்காகச் சண்டை பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல.)

அதற்காகப் 'பலி'யே தலைப்பாக இருக்கட்டும் என்றும் சொல்லமாட்டேன். லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களில் வரும் ஐந்து வகையில் ஒன்றில் உயிரே இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் அது 'போஜனபலி', 1995-இல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'உணவுப் படையல்'. மெல்லிய மாவில் எண்ணெய் வார்த்துத் தூபவர்க்கம் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒரு கைப்பிடி பீடத்தில் எரியும், மிச்சம் குருக்களுக்கு. புளித்த மாவும் தேனும் எரிக்கக்கூடாது, உப்புக் கட்டாயம்.

இன்னும் முக்கியமானது லேவியராகமம் 5:11. இரண்டு புறாவுக்கும் வழியில்லாத ஏழை, பாவநிவாரணத்துக்கே ஓர் எப்பாவில் (எபிரேய முகத்தலளவை) பத்தில் ஒரு பங்கு மா கொண்டுவரலாம். இரத்தம் சிந்தாமல் மன்னிப்பில்லை என்று எபிரெயர் 9:22 சொல்கிறதே என்று உடனே எழுதுவீர்கள். அதே வசனத்தின் முற்பகுதியில் 'கொஞ்சங்குறைய எல்லாம்' என்று இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஏறக்குறைய எல்லாம் என்றால் விலக்கும் உண்டு.

> அப்போ 'படையல்' போதுமே?

நாங்கள் படைப்பது பந்திக்குத் திரும்பி வரும். திவசத்தில் படைத்த சோறும் கறியும் எங்கே போகிறது? சமாதானபலிக்கு இது அச்சொட்டாகப் பொருந்தும்: கொழுப்பு பீடத்துக்கு, நெஞ்சும் வலது தொடையும் குருக்களுக்கு, மற்றதைக் கொண்டுவந்தவன் வீட்டாரோடு இருந்து சாப்பிடுவான். நன்றிக்காகக் கொடுத்தது என்றால் விடியும்வரை மிச்சம் வைக்கவும் கூடாது. ஆனால் சர்வாங்க தகனபலியில் தோல் மட்டும் குருவுக்கு, மிச்சம் முழுக்க நெருப்புக்கு. யாரும் உண்ணாத ஒன்றைப் படையல் என்பது பிழை.

ஐந்துக்கும் பொதுவான எபிரேயச் சொல் 'கொர்பான்'. மாற்கு 7:11-இல் அப்படியே கிடக்கிறது. 'கிட்ட வருதல்' என்ற வேரிலிருந்து வந்தது. கடவுளுக்குக் கிட்டக் கொண்டுவருவது, அவ்வளவுதான். கொலை அந்தச் சொல்லுக்குள் இல்லை. தமிழில் 'நேர்தல்' இதற்கு நன்றாக இணங்கும்: எதிர்ப்படுதல், உடன்படுதல், கொடுத்தல் என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. நல்லூரில் காவடி எடுப்பவரும் மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொண்டுபோகிறவரும் 'நேர்த்தி' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை 'நேர்பொருள்'. கொல்லப்படுபவற்றுக்கு மட்டும் அதன் கீழே 'பலி' நிற்கட்டும்.

> நேர்த்தி என்றால் 'நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்' என்ற பேரம் ஆகிவிடாதா? கிறிஸ்துவின் மரணத்தை எப்படி அதில் அடக்குவது?

நியாயமான கேள்வி. என்னிடமிருக்கும் பதில்: அடக்கக்கூடாது. லேவியராகமத்தில் மனிதன் கொண்டுவருகிறான். ரோமர் 3:25-இலோ கடவுளே ஏற்படுத்துகிறார், கொடுப்பவர் பக்கம் மாறிவிடுகிறது. அந்த இடத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாதாரபலி' என்று ஒரு தனிச்சொல்லே ஆக்கியது. அங்குள்ள கிரேக்கச் சொல்லும் எபிரெயர் 9:5-இல் கிருபாசனம் (உடன்படிக்கைப் பெட்டியின் மூடி) என்று வருவதும் ஒன்று, அந்த உறவைக் 'கிருபை' காப்பாற்றுகிறது. திருவிவிலியம் 'கழுவாய்' என்கிறது. 'வழுவாய் மருங்கிற் கழுவாயும் உள' என்று புறநானூறு 34-இல் வருகிற பழைய சொல். கறை நீங்குவதைக் கழுவாய் அழகாகச் சொல்லும், கடவுளின் சினம் தணிவதைச் சொல்லாது. இரண்டில் எது சரி என்று திருச்சபைகளே விவாதிக்கின்றன. சொற்பட்டியல் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. பட்டியலில் 'பலிக்கடா' என்று போட்டிருக்கிறீர்கள், பிறர் பழியைச் சுமப்பவன் என்ற பொருளில். லேவியராகமம் 16-இல் பழி சுமக்கும் ஆடு சாவதே இல்லை. சீட்டுப் போட்டு ஒரு கடாவைப் பலியிடுவார்கள், மற்றதன் தலையில் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பழைய மொழிபெயர்ப்பில் 'போக்காடு' இருக்கிறது. புதிதாக எதையும் ஆக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.