பல் பிடுங்கிய குழியில் பருப்புத் துணுக்கு: அனுபவமுள்ள பல் மருத்துவர்கள் உதவவும்

குழுவினருக்கு வணக்கம். கடைவாய்ப்பல் பிடுங்கிய இடம் ஆறாமல் வீங்கியே இருந்ததால் என் தந்தையின் ஈறுத் திசுவைப் பரிசோதித்ததில், புற்றுநோய் இல்லை, ‘பல்ஸ் கிரானுலோமா’ (பருப்புத் துணுக்கால் வரும் அழற்சிக் கட்டி) என்று அறிக்கை வந்துள்ளது. பருப்பு, பட்டாணி போன்றவற்றின் துணுக்கு குழிக்குள் புதைந்தால், மாவுச்சத்து கரைந்தபின் செரிக்காத செல்லுலோஸ் மட்டும் எஞ்சி, அதைச் சுற்றி இராட்சத செல்களும் (பல நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றாக இணைந்த பெரிய செல்கள்) கண்ணாடி போன்ற வளையங்களும் தோன்றி நாள்பட்ட அழற்சியாகிறது என்று படித்தேன். (மூன்று வேளையும் சாம்பார் கேட்பவருக்கு இப்படியொரு நோய்!) சுரண்டி எடுத்தால் போதும் என்கிறார்கள், ஆனால் துணுக்கு சிறிது தங்கிவிட்டால் மீண்டும் வருமா, சரியாகப் பொருந்தாத பல்செட்டின் அடியிலும் இது வரக்கூடும் என்பதால் புதிய பல்செட்டை எப்போது வைப்பது நல்லது என்பதை, இத்தகைய நோயாளிகளைக் கண்டவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.