குருவிப் பெட்டி முன்னால் வெப்கேம்: நிழல் ஆடினாலும் பதிவாகுது, என்ன செய்யலாம்?

திண்ணை:
வணக்கம். வீட்டுத் திண்ணையில் மாட்டிய பெட்டியில் சிட்டுக்குருவி குஞ்சு பொரிச்சிருக்கு. தாயும் தகப்பனும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இரை கொண்டு வருதுன்னு எண்ண ஆசை. யூஎஸ்பி வெப்கேம், லினக்ஸ் லேப்டாப், பைத்தான், படங்களை அலசுற ஓப்பன்சிவி லைப்ரரி. முதல் ஃப்ரேமை வெச்சுக்கிட்டு அடுத்தடுத்த ஃப்ரேமை ஆப்ஸ்டிஃப் (வித்தியாசம் எடுக்கிற ஃபங்ஷன்) போட்டுக் கழிக்கிறேன், திரெஷோல்ட் 25, அதுக்கு மேலே மாறின இடத்தை அசைவுன்னு பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். காலையில் நல்லா ஓடுது. வெயில் ஏறினதும் முருங்கைக்கிளை நிழல் சுவரில் ஆடி, படம் பூரா பச்சைக் கட்டம். சாயங்காலம் ட்யூப்லைட் போட்டா குறுக்கே பட்டை ஓடுது.

வடக்குவெளி:
ப்ரோக்ராமைத் தொடுறதுக்கு முன்னாடி கேமராவைச் சரி பண்ணுங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வெச்ச ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னும். கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு அமைஞ்சிருந்தா அந்தப் பட்டை வரும். வி4எல்2-சிடிஎல்லில் (லினக்ஸில் கேமரா அமைப்பை மாத்துற கட்டளை) பவர் லைன் ஃப்ரீக்வென்சியை 1 ஆக்குங்க. 1 என்றால் 50.

முதல் ஃப்ரேமோடு ஒப்பிடுறதை விட்டுடுங்க. காலை வெளிச்சம் மத்தியானம் இருக்காது. ஓப்பன்சிவியில் இருக்கிற எம்ஓஜி2-ங்கிற பின்னணி கழிக்கிற முறை, பின்னணியைத் தானே புதுப்பிச்சுக்கிட்டே போகும். அது நிழல்னு நினைக்கிற புள்ளிக்கு 127, அசையும் பொருளுக்கு 255 தரும். அது தர்ற அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் (மாஸ்க்) 200-க்குக் கீழே இருக்கிறதை வெட்டினா நிழலில் பெரும்பகுதி போயிடும். மிச்சத்துக்கு, பெட்டித் துவாரத்தைச் சுத்தி ஒரு சாண் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்க. முருங்கை அங்கே எட்டாது.

இதில் ஒண்ணை எல்லாரும் தவற விடுறாங்க. எம்ஓஜி2-வின் ஹிஸ்டரியை (பின்னணியைக் கத்துக்க எடுத்துக்கிற ஃப்ரேம் எண்ணிக்கை) 500-னு அப்படியே விட்டா, அசையாம உட்கார்ந்த குருவி ஐம்பது சொச்சம் ஃப்ரேமில் பின்னணியோடு கரைஞ்சிடும். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடினா அது ரெண்டு விநாடி கூட இல்லை. குருவி துவாரத்து விளிம்பில் நின்னு நாலு பக்கமும் பார்த்துட்டுத்தான் உள்ளே போகும். லேர்னிங் ரேட்டை (பின்னணியைப் புதுப்பிக்கிற வேகம்) 0.0005 ஆக்கினா ஏழு விநாடி தாங்கும்.

கீபோர்டுகாரர்:
அசையும் பொருளின் வெளிக்கோட்டை (கான்டூர்) எடுக்கிற ஃபைண்ட்கான்டூர்ஸ் ஃபங்ஷன் ஓப்பன்சிவி 4-ல் ரெண்டு மதிப்பு தரும், 3-ல் மூணு. பழைய டுடோரியலைப் பார்த்து எழுதினா அங்கேதான் எரர் அடிக்கும்.

திண்ணை:
ரொம்ப நன்றிங்க. பட்டை நின்னுடுச்சு, நிழலும் அடங்கிடுச்சு. இப்போ குருவி வந்தா ஒண்ணு, போனா ஒண்ணுன்னு ரெண்டா எண்ணுது. சிஎஸ்ஆர்டி மாதிரி, ஒரே பொருளை ஃப்ரேம் ஃப்ரேமாப் பின்தொடர்ற டிராக்கர் போடணுமா?

வடக்குவெளி:
வேண்டாங்க, லேப்டாப்தான் திணறும். ஒவ்வொரு கான்டூருக்கும் நடுப்புள்ளி எடுத்து, முந்தின ஃப்ரேமில் பக்கத்தில் இருந்த புள்ளியோடு சேர்த்தாலே தடம் கிடைக்கும். தடம் எங்கே தொடங்குதுன்னு பாருங்க. வெட்டிய படத்து ஓரத்தில் தொடங்கித் துவாரத்தைத் தொட்டா வரவு. துவாரத்தில் தொடங்கி ஓரத்துக்குப் போனா புறப்பாடு, அதை எண்ண வேண்டாம்.

தடம் முடியறப்போ துவாரத்துக்குள்ளே மறையணும்னு நிபந்தனை வெச்சுடாதீங்க. குஞ்சு வளர்ந்ததும் தலையை வெளியே நீட்டும், தாய் உள்ளே போகாமலே ஊட்டிட்டுப் பறந்துடும். அந்த வரவெல்லாம் கணக்கில் விட்டுப்போகும். குஞ்சு தலையாட்டுற தடம் துவாரத்திலேயே தொடங்கி அங்கேயே முடியும், அது தானா கழிஞ்சிடும்.

இன்னொரு வேண்டுகோள்: படம் தெளிவா வரணும்னு கேமராவையோ விளக்கையோ பெட்டி பக்கத்தில் கொண்டு போகாதீங்க. இருட்டினதும் ஸ்கிரிப்டை நிறுத்திடுங்க, ராத்திரியில் குருவி இரை தேடாது.