பாப்பா காதுகுத்து, ஞாயிறு 🥳

புதன், காலை 6:10

பெரியப்பா: கூடலூரில் ராத்திரி பூமழை. ஆனால் 30 சென்ட்தான்.

சின்ன அத்தை: மேட்டுப்பாளையத்தில் பேய்க்காற்று அண்ணா. குலை தள்ளிய நேந்திரன் 40 மரம் சாய்ந்துவிட்டது 😭

பாபு: பந்தல் வாசலில் கட்ட வாழை ரெடி

சின்ன அத்தை: வாயை மூடுடா

சித்தப்பா: எங்கள் மழைமானியில் 45.

பெரியப்பா: அது அப்பாவின் மழைமானி.

சித்தப்பா: 👍

கவிதா: சென்ட் என்றால் நிலக் கணக்கா பெரியப்பா?

பெரியப்பா: இல்லை கண்ணு. 100 சென்ட் ஓர் அங்குலம், 25 மி.மீ. எஸ்டேட்டில் அப்படித்தான் எழுதுவோம். ரொபஸ்டா காப்பி மொட்டு வெயிலில் அப்படியே உறங்கிக் கிடக்கும். ஓர் அங்குலமாவது நனைந்தால் எட்டு ஒன்பது நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். 30 சென்ட் என்றால் மொட்டு பாதி விழித்து, விரியாமல் கருகும். இதற்குப் பெய்யாமலே இருந்திருக்கலாம். ரொபஸ்டா தன் மகரந்தத்தில் காய்க்காது, பக்கத்துச் செடியுடையது வேண்டும். அதனால் எல்லாம் ஒன்றாகப் பூக்க வேண்டும். பூத்த அன்றைக்கு மழை அடித்தாலும் போச்சு. அப்புறம் மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சு நிற்கும்.

பாபு: அப்பா, அவள் கேட்டது சென்ட் மட்டும்

பெரியப்பா: மீதி 70 சென்ட்டை ஸ்பிரிங்க்ளரில் உடனே விட்டாக வேண்டும். டீசல் மோட்டார் யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பா: பாகப்பிரிவினையில் மோட்டார் எனக்கு. பைப் உங்களுக்கு.

பெரியப்பா: பைப் இல்லாமல் மோட்டாரை வைத்து என்ன செய்கிறாய்?

சித்தப்பா: மோட்டார் இல்லாமல் பைப்பை வைத்து நீங்கள் செய்வதுதான்.

கவிதா: 🙊

அப்பத்தா: 🎤 0:47

பாபு: சுருக்கம்: இரண்டு பேருக்கும் வெட்கமில்லை. கறிச்சோறு உண்டா?

சின்ன அத்தை: உண்டு. பாப்பாவை யார் மடியில் வைப்பது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெரியப்பா: மூத்தவன் இருக்கும்போது இது என்ன கேள்வி? ஆனால் மோட்டார் ஓடினால் மூன்று மணிக்கொரு தரம் பைப் மாற்ற நான் நிற்க வேண்டும்.

சித்தப்பா: சரி, அப்போது நான் உட்காருகிறேன்.

பெரியப்பா: இதற்குத்தான் மோட்டார் தருகிறாயா?

சித்தப்பா: தருகிறேன் என்று எப்போது சொன்னேன்? டீசல் யார் போடுவது?

சின்ன அத்தை: ஆசாரிக்கு 9 மணி சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: நாளைக்குள் தண்ணீர் விழ வேண்டும்.

சித்தப்பா: ஜீப் வந்தால் பார்க்கிறேன்.

பெரியப்பா: பார்க்கிறேன் என்றால்?

சின்ன அத்தை: அந்த 40 குலை யாருக்காவது வேண்டுமா? முற்றவில்லை, சிப்ஸுக்கு ஆகாது. பொரியலுக்கு ஆகும்.