மங்கிய ஒளியில் எண்ணூர்க் கழிமுகம்: பைனாகுலர் வாங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

திருவொற்றியூரிலிருந்து

எண்ணூர்க் கழிமுகத்தில் வக்கா என்னும் கொக்கினப் பறவைகள் பொழுது சாய்ந்த பிறகே இரை தேடக் கிளம்புகின்றன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் ஒளிரத் தொடங்கும் வேளையில், கரையோரப் புதர்களை விட்டு எழுந்து, ‘குவாக்’ என்று கரகரத்த குரலில் ஒற்றைச் சத்தம் எழுப்பியபடி, அவை கொசஸ்தலை ஆற்றின் மேலாக ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வரும். சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் அந்தக் காட்சிக்காக நான் மூன்று பைனாகுலர்கள் வாங்கினேன். முதல் இரண்டும் எனக்கு ஏன் பயன்படவில்லை என்பதைப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு வயது 56, மூக்குக்கண்ணாடி அணிபவன்.

முதலில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 10×25 வாங்கினேன். சட்டைப் பைக்குள் அடங்கும், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதே காரணம். ரெட்டேரியில் காலை 9 மணி வெயிலில் நாமக்கோழியின் நெற்றி வெள்ளை துல்லியமாகத் தெரிந்ததால் மிகவும் மகிழ்ந்தேன். அதே கருவியை மறுநாள் மாலை எண்ணூரில் உயர்த்தியபோது, வெறுங்கண்ணுக்கு நன்றாகவே தெரிந்த பறவை அதற்குள் சாம்பல் நிறக் கறையாகிவிட்டது. பழுதான பொருளைக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணினேன். பொருளில் பழுது எதுவும் இல்லை. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ. பகலில் நம் கண்மணி ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் திறந்திருக்கும் என்பதால் குறை தெரியாது. இருட்டில் இளைஞர்களின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். என் கண் 5 மி.மீ. அளவுக்குத் திறந்து காத்திருக்க, கருவி அதில் பாதி அகலமுள்ள கற்றையைத்தான் உள்ளே அனுப்பியது. பரப்பளவில் பார்த்தால் அது நான்கில் ஒரு பங்கு.

இந்தக் கற்றையை யார் வேண்டுமானாலும் கண்ணால் காணலாம். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தை ஓர் அடிக்கு அப்பாலிருந்து பாருங்கள். ஒவ்வொரு குழலிலும் ஒரு சிறிய வெண்வட்டம் மிதப்பதுபோல் தெரியும். அந்த ஒளிவட்டத்தின் அகலம்தான் மேற்சொன்ன கணக்கின் விடை. வட்டத்தின் ஓரங்கள் நான்கு பக்கமும் சீவியெடுத்ததுபோல் சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தெரிந்தால், உள்ளே இருக்கும் பட்டகம் (பிரிஸம்) மட்டமான கண்ணாடியில் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கடையிலேயே ஒரு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையைக் கற்றுக்கொள்வதற்குள் எனக்கு ஓராண்டு ஓடிவிட்டது.

இரண்டாவதாக 10×50 வாங்கினேன். ஒளிவட்டம் 5 மி.மீ. என்பதால் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் காட்டுக்குப்பம் கரையில் நின்று அதைக் கண்ணில் வைத்ததும், காட்சியின் ஓரத்தில் அவரைக்கொட்டை வடிவில் ஒரு கரிய நிழல் வந்து வந்து மறைந்தது. தலையைச் சிறிது வலப்புறம் நகர்த்தினால் நிழல் இடப்புறம் தாவியது. மூக்குக்கண்ணாடி ரப்பர் வளையத்தில் இடித்துக்கொண்டு நின்றதால், நடுவில் இருந்த சிறு பகுதி மட்டுமே தெரிந்தது. கடைசி லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண் இருந்தால் முழுக்காட்சியும் தெரியும் என்பதை ‘ஐ ரிலீஃப்’ என்ற பெயரில் விவரத்தாளில் மி.மீ. கணக்கில் குறித்திருப்பார்கள். அந்தக் கருவிக்கு அது 9 மி.மீ. மட்டுமே. கண்ணாடி அணிபவருக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும், 17, 18 என்றால் நிம்மதி. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். எனக்குச் சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவரும் இருக்கிறது; அதைப் பைனாகுலரின் திருகால் ஈடுசெய்ய முடியாது.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, பெரும்பகுதி விவரங்கள் ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் துப்பாக்கித் தொலைநோக்கிகளைப் பற்றியவையாக இருந்தன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டது. அந்தத் தடை இருப்பதில் எனக்கு முழு நிறைவு உண்டு. ஆயினும் அந்தி ஒளியில் கண்ணை எங்கே வைப்பது என்பதை அவர்கள் ஆழ்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதால், புருவத்தில் அடிபடாதிருக்க அவர்களின் கருவியில் கண் 8 முதல் 10 செ.மீ. வரை விலகியிருக்க வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒளிவட்டத்தின் கணக்கு மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அந்தி வேட்டைக்கென்றே அவர்கள் வைத்திருக்கும் 8×56 பைனாகுலரில் ஒளிவட்டம் 7 மி.மீ.; எடையோ ஒரு கிலோவுக்கு மேல்.

மூன்றாவது முறை மாலை 6 மணிக்குக் கடைக்குப் போனேன். குழல்விளக்கின் ஒளியில் லென்ஸில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தேன். மேற்பூச்சு இல்லாத லென்ஸ் அதை வெள்ளையாகவே திருப்பிக் காட்டும். பூச்சு உள்ளது பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகக் காட்டும். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும் என்பதால், பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. 1935-இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த பூச்சுமுறைதான் இந்த இழப்பைக் குறைத்தது. மாணிக்கச் சிவப்பில் பளபளக்கும் லென்ஸ்கள் பார்க்க அழகாக இருக்கும். அவை சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அந்திக்கு உதவா. பிறகு கடைக்காரரின் அனுமதியோடு வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியில் நிழல் விழுந்த பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்து, 18 மி.மீ. ஐ ரிலீஃப் கொண்ட 8×42 ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கண் வைக்கும் குவளைகளை முழுவதும் உள்ளே திருகிவிட்டால், மூக்குக்கண்ணாடியோடு விளிம்பு முதல் விளிம்பு வரை தெரிகிறது. கடந்த தை மாதம் சேற்றுத் திட்டில் நின்ற வக்காவின் பிடரியிலிருந்து தொங்கும் இரண்டு வெண்ணிறத் தூவிகளை, தெருவிளக்குகள் எரிந்த பிறகும் பிரித்துப் பார்த்தேன். என் வயதுக் கண்ணுக்கு 7 மி.மீ. ஒளிவட்டம் வீண் செலவு என்பது என் முடிவு.

இராயபுரத்திலிருந்து

ஐயா எழுதிய கடைசி வரியில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சரக்குக் கப்பலில் தளப் பணியாளனாக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கப்பலில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது 7×50. என் கண்மணியும் இப்போது 7 மி.மீ. விரியாது, ஆகவே கூடுதல் வெளிச்சம் எனக்குக் கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் ஒளிவட்டம் கண்மணியைவிடப் பெரிதாக இருந்தால், கண் சிறிது விலகினாலும் அது வட்டத்துக்குள்ளேயே இருக்கும்; அந்தக் கரிய நிழல் எளிதில் வராது. பழவேற்காட்டில் விடியற்காலை 5.45-க்குப் படகில் ஏறிப் பூநாரைகளைப் பார்க்கப் போனபோது, உடன் வந்த தம்பியின் 10×42 படகின் ஆட்டத்தில் அவருக்கு நிலைகொள்ளவே இல்லை. என் பழைய 7×50-ஐக் கொடுத்தேன். மங்கலுக்குள் இளஞ்சிவப்பு வரிசையாக அவை நின்றதை அவர் உடனே கண்டுகொண்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார். ஒரு கிலோ எடை கழுத்தை இழுக்கும் என்பதை மறுக்கவில்லை. தோள்பட்டை வாரில் மாட்டிக்கொள்கிறேன். தரையில் நின்று பார்ப்பவருக்கு 8×42 போதும். படகில் செல்பவருக்கு நான் 7×50-ஐத்தான் சொல்வேன்.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். லென்ஸில் காய்ந்த உப்பைச் சட்டை நுனியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

மாதவரத்திலிருந்து

இரண்டு ஐயாக்களுக்கும் நன்றி. என் சிக்கல் வேறு வகையானது. எந்தப் பைனாகுலரை எடுத்தாலும் இரண்டு வட்டங்கள் ஒன்றாகச் சேராமல் பக்கவாட்டில் பிரிந்தே நின்றன. புதிய மூக்குக்கண்ணாடி போடச் சென்றபோது, என் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் 54 மி.மீ. என்று அளந்து சொன்னார்கள். நான் பார்த்த பெரிய கருவிகளின் குழல்கள் 56 மி.மீ.-க்குக் கீழே நெருங்கவில்லை. பகலில் சமாளித்துவிடலாம். அந்தியில் ஒளிவட்டத்தின் ஓரம் கண்மணிக்கு வெளியே விழுந்து, ஒரு கண் மட்டும் இருண்டுவிடுகிறது. இப்போது 52 மி.மீ. வரை குறுக்கக்கூடிய 8×32 வைத்திருக்கிறேன்; ஒளிவட்டம் 4 மி.மீ. வாங்கும் முன் இந்த ஓர் அளவையும் விவரத்தாளில் பார்த்துவிடுங்கள். ஏழு வயது மகளும் இப்போது அதில்தான் ரெட்டேரியின் நீர்க்காகங்களை எண்ணுகிறாள்.