நிலவறைச் சுவரை மூடும் முன் பாலித்தீன் தாள் கட்ட வேண்டுமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த எங்கள் வீட்டு நிலவறையை, விடுமுறை நாள்களில் நானே வேலை செய்து, உட்கார்ந்து படிக்க ஏற்ற ஓர் அறையாக மாற்ற எண்ணியிருக்கிறேன். கான்கிரீட் சுவரை ஒட்டி மரச்சட்டம் அடித்து, இடைவெளிகளில் கண்ணாடி இழைப் பஞ்சை நிரப்பி, அதன் மேல் பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி, கடைசியாக ஜிப்சம் பலகை பொருத்துவதே திட்டம். சுவரில் தண்ணீர் வழிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மூலையில் முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்திருக்கிறது; துடைத்தாலும் சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடுகிறது. பாலித்தீன் தாள் இந்த ஓதத்தைத் தடுக்குமா, அல்லது தனியாக ஏதேனும் பூச்சு வேண்டுமா?

மறுமொழி 1:

நீங்கள் எழுதியிருக்கும் அதே வரிசையில் வேலை செய்து, மூன்றாம் ஆண்டில் அத்தனையையும் பிரித்துப் போட்டவன் நான். முதலில் மழை நாள்களில் மட்டும் நனைந்த சாக்கின் வாடை அடித்தது. பலகையின் முகம் கடைசி வரை வெள்ளையாகவே இருந்ததால் சந்தேகம் வரவில்லை. கழற்றித் திருப்பியபோதுதான் பின்பக்கத்து அட்டை முழுவதும் கறுப்புப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்ததையும், பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியதையும் கண்டேன். மண்ணில் உள்ள ஈரம் கான்கிரீட் வழியாக எப்போதும் உள்நோக்கி வந்துகொண்டுதான் இருக்கும். அறைப்பக்கம் பாலித்தீன் தாளைக் கட்டிவிட்டால், அந்த ஈரம் உலர வழியின்றிப் பஞ்சிலும் மரத்திலும் தங்கிவிடுகிறது.

இரண்டாம் முறை பஞ்சையே தவிர்த்துவிட்டு, கெட்டியான நுரைப் பலகைகளை நேரடியாகக் கான்கிரீட்டில் ஒட்டி, அறைக் காற்று பின்னால் போய்க் குளிர்ந்த சுவரைத் தொடாதபடி இணைப்புகளை எல்லாம் டேப்பால் அடைத்தேன். அதற்கு முன்னால்தான் மரச்சட்டம். தரையில் படுக்கும் சட்டம் மட்டும் பூஞ்சணமும் கறையானும் அண்டாதபடி மருந்தேற்றிய மரம். ஜிப்சம் பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் 12 மி.மீ. மேலே நிற்கிறது. நுரைப் பலகையைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள். தீப்பிடித்தால் வேகமாக எரிந்து நச்சுப்புகை கக்கும் பொருள் அது. ஜிப்சம் பலகையால் மூடியே ஆக வேண்டும்.

மறுமொழி 2:

முன்னவர் சொன்னது சரிதான், ஆனால் அது அடுத்த கட்டம். கான்கிரீட்டுக்குள் ஊடுருவும் நீர், கரைத்துக் கொண்டுவரும் உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது; ஆகவே நீர் கண்ணில் படாவிட்டாலும் உப்பு அதற்குச் சாட்சி. உட்புறம் எந்தப் பூச்சு அடித்தாலும் பின்னாலிருந்து தள்ளும் ஈரம் அதைப் பொரியச் செய்துவிடும்.

45 செ.மீ. சதுரமாகப் பிளாஸ்டிக் தாள்களை வெட்டி, சுவரில் இரண்டு மூன்று இடங்களிலும் தரையில் ஓரிடத்திலும் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எந்தப் பக்கம் நீர் முத்துகள் நிற்கின்றன என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:

ஒட்டிப் பார்த்தேன். உப்புப் பூத்த மூலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர். மற்ற இரண்டு சுவர்களில் உட்பக்கம் காய்ந்திருக்கிறது, அறையைப் பார்த்த பக்கத்தில்தான் லேசான ஈரம். தரை இருபுறமும் காய்ந்தே இருக்கிறது. வெளியே போய்ப் பார்த்தபோது, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சரியாக அந்த மூலையின் அடியில்தான் முடிகிறது என்பது இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாகக் கண்ணில் பட்டது.

மறுமொழி 2:

அப்படியானால் உங்களுக்கு இருப்பது இரு வேறு சிக்கல்கள். மூலையில் இருப்பது மண்ணிலிருந்து வரும் நீர்; குழாயை நீட்டி நீரைச் சுவரிலிருந்து தள்ளி விடுங்கள், மண்ணையும் 3 மீட்டர் தூரத்தில் 15 செ.மீ. இறங்கும்படி வெளிப்புறமாக வாட்டம் கொடுத்து நிரப்புங்கள். மற்றச் சுவர்களில் இருப்பது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவது. புழுக்கமான நாளில் காற்றோட்டத்துக்கென்று ஜன்னலைத் திறந்தால் அது கூடத்தான் செய்யும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்து, ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருங்கள்.

மறுமொழி 3:

மணிக்கணக்கில் உட்காரப் போகும் அறை என்பதால் ரேடான் சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் தோன்றி, தரை விரிசல்கள் வழியே நுழையும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்கான காரணங்களில் புகைபிடித்தலுக்கு அடுத்த இடம் இதற்கு. ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு. கூடுதலாக இருந்தால் தரைக்கு அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றும் குழாய் பதிக்க வேண்டிவரும். தரை விரித்த பிறகு அந்த வேலை இரட்டிப்பாகிவிடும். படிக்கட்டில் தீப்பிடித்தால் ஆள் வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

ஜன்னல் இருக்கிறது, ஆனால் வெளியே வைத்த இரும்புக் கம்பியை உள்ளிருந்து திறக்க முடியாது, அதை மாற்றுகிறேன். நேற்றே குழாயை 2 மீட்டர் நீட்டி, மூலையில் இருந்த உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, சுவரில் பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் உப்பு திரும்பாமல் இருந்தால்தான் நுரைப் பலகை. அதுவரை ரேடான் சோதனையும் மேற்கூரையின் மின்கம்பி வேலையும் நடக்கும்.